நான் துவக்கு நிபுணராக இருந்த மூன்று கிழமை

1

சென்ற சனிக்கிழமை ஏலத்தில் ஒரு பழைய துவக்கு விலைபோகாமல் திரும்பி வந்தது. அதைத் துணியில் சுற்றி, பெட்டிக்குள் வைத்து, களஞ்சிய அறையின் மேல்தட்டில் ஏற்றியது நான்தான். ஏணியில் நிற்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் துவக்கின் தயவில்தான் நான் மூன்று கிழமை, அதாவது மூன்று வாரம், நிபுணராக இருந்தேன். ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களிடம் "மரியதாஸ் ஜேர்மனியில் பெரிய ஆளாம்" என்று யாராவது சொல்லியிருந்தால், அது அந்த மூன்று கிழமைக்குள் புறப்பட்ட செய்தி. அனுப்பி வைத்தவர் என் மனைவி பிலோமினா.

துப்பாக்கியை எங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சில் துவக்கு என்போம். நான் அதற்குப் பயந்து ஓடி வந்தவன். எண்பதுகளின் நடுவில் கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி மேற்கு பேர்லினுக்குள் வந்து அகதி என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். இன்றைக்கு பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் ஒரு பின்முற்றத்துக் கட்டிடத்தில் துவக்குகளுக்குத் தூசி தட்டிச் சம்பளம் வாங்குகிறேன். ஓடி வந்த ஓட்டத்தில் திசையைக் கொஞ்சம் பிழையாகப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது.

என் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. மரியதாஸ் என்று ஒன்றாக எழுதினாலும் இங்குள்ள அலுவலகங்கள் அதை மரியா என்றும் தாஸ் என்றும் வெட்டிவிடும். மரியா பெண் பெயர். ஆகவே எனக்கு வருகிற கடிதங்களில் பாதி "மதிப்பிற்குரிய திருமதி தாஸ்" என்றே தொடங்கும். குடியுரிமைக்கு அந்திராக், அதாவது விண்ணப்பம், போட்டபோது, விண்ணப்பதாரர் ஆணா பெண்ணா என்று தெளிவுபடுத்தும்படி கேட்டுக் கடிதம் வந்தது. மீசையோடு நேரில் போய் நின்றேன். மீசை போதாது, பத்திரம் வேண்டும் என்றார்கள்.

2

நான் வேலை செய்வது ஒரு சிறிய ஏல நிலையத்தில். முதலாளி ஃபிராவ் ஹெம்பல், எங்கள் பேச்சில் திருமதி ஹெம்பல், அறுபது தாண்டிய பெண்மணி. ஒரு சிகரெட்டை அணைக்கும் நெருப்பில் மற்றதைப் பற்ற வைப்பவர். பெயர்போன குற்றவாளிகள் வைத்திருந்த ஆயுதங்களை வாங்கி, அவை மெய்தானா என்று பார்த்து, ஏலத்தில் விடுவது அவருடைய தொழில். வங்கிக் கொள்ளைக்காரன், காசோலை மோசடிக்காரன், மனைவியைச் சுட்ட பிரபு, எல்லோருடைய துவக்கும் எங்களிடம் வரும். சுட முடியாதபடி குழாயை அடைத்து வைத்திருப்போம். ஒரே அச்சில் செய்த இரண்டு கைத்துவக்கில், பேரில்லாதவன் வைத்திருந்தது தட்டின் மூலையில் கிடக்கும். மூன்று பேரைக் கொன்றவன் வைத்திருந்தது வெல்வெட் துணியில் படுத்திருக்கும்.

சேர்ந்த புதிதில் இது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். எங்கள் அந்தோனியார் கோயிலில் திருநாள் முடிய, புனிதரின் திருப்பண்டத்தைக் கண்ணாடிச் சிமிழில் வைத்து முத்தமிடத் தருவார்கள். கடுகளவு எலும்பு. அது புனிதருடையதுதான் என்பதற்குச் சிமிழின் பின்னால் மெழுகு முத்திரையும், பங்குத்தந்தையிடம் ஒரு பத்திரமும் இருக்கும். நாங்கள் புனிதர்களுக்குச் செய்வதை இவர்கள் கொலைகாரருக்குச் செய்கிறார்கள். வரிசையில் நிற்கிறவர்களின் முகத்தில் பக்தி மட்டும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது.

அந்தப் பக்தர்களில் முதலாமவர் ஹெர் ப்ரோம், அதாவது திரு ப்ரோம். ஓய்வுபெற்ற பல் வைத்தியர். சாந்தமான மனிதர், முற்றத்துக் குருவிகளுக்கு ரொட்டித்தூள் கொண்டு வந்து போடுவார். தூக்கில் தொங்கியவன் வைத்திருந்த துவக்கு என்றால் மட்டும் அவருக்கு மூச்சு வாங்கும். வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, நோயாளியின் வாயைத் திறக்கிற மாதிரி மெதுவாக அதன் தோட்டா அறையைத் திறந்து பார்ப்பார். வெறுங்கையால் தொடுவது எங்கள் நிலையத்தில் பெரிய குற்றம். கை வியர்வை இரும்பைத் தின்னும், பழைய தடயங்களை அழிக்கும் என்று ஃபிராவ் ஹெம்பல் வாசலிலேயே ஒரு பெட்டி நிறையக் கையுறை வைத்திருக்கிறார்.

மெய்தானா என்று பார்க்கிற வேலையை ஃபிராவ் ஹெம்பல் செய்வதைப் பார்க்க வேண்டும். துவக்கில் கொத்தியிருக்கிற இலக்கமும் பொலிஸ் பதிவில் இருக்கிற இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் சாட்சிப்பொருளாகக் கம்பியில் கட்டித் தொங்கவிட்ட அட்டை இருந்தால் இன்னும் நல்லது. பழைய பத்திரிகைப் படத்தை உருப்பெருக்கியில் பார்த்து, பிடியில் இருக்கிற கீறல் படத்திலும் இருக்கிறதா என்று தேடுவார். பிறகு, யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்குப் போனது என்ற கதை. நடுவில் ஒரு கை விட்டுப்போனாலும் துவக்கு மூலைக்குப் போய்விடும். ஒருமுறை ஒரே வருடத்தில், ஒரே கொள்ளைக்காரனுடையது என்று சொல்லி மூன்று கைத்துவக்குகள் வந்தன. அந்த ஆள் வாழ்நாள் முழுக்கக் கத்தி மட்டும் பாவித்தவன் என்று கண்டுபிடித்து மூன்றையும் திருப்பி அனுப்பினார்.

"எல்லோரும் பொய் சொல்வார்கள், ஹெர் மரியதாஸ்" என்பார் புகையை விட்டபடி. "இரும்பு கொஞ்சம் குறைவாகச் சொல்லும்."

நான் கூட்டுகிற தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு தலையாட்டுவேன். என் வேலை தூசி தட்டுவது, பெட்டி கட்டுவது, தபால் நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டு போவது. கோயிலில் யாராவது கேட்டால், "இவருக்கு மியூசியத்தில வேலை" என்று பிலோமினா சொல்லுவாள். நான் மறுப்பதில்லை.

3

ஒரு நாள் ஹம்பேர்க்கிலிருந்து ஒரு பெட்டி வந்தது. இறந்துபோன கப்பல் பொறியியலாளர் ஒருவரின் வீட்டுச் சாமான்கள். அதற்குள் ஒரு நீளத் துவக்கு. வாய்ப்பக்கத்தால் மருந்து போட்டு இடிக்கிற பழைய வகை. விசையில் நூலால் கட்டிய காகிதத் துண்டில், "சிலோன், கொள்ளைத் தலைவன் மருதன்" என்று மட்டும் எழுதியிருந்தது. இலக்கம் இல்லை. படம் இல்லை. துவக்கின் மரக்கட்டையில் நெருப்பால் சுட்ட ஒரு வட்டமும், நடுவில் ஒரு கோடும் மட்டும் இருந்தன.

ஃபிராவ் ஹெம்பல் அதைத் தூக்கி மூலையில் வைக்கப் போனார். கோப்பி குடித்துக்கொண்டிருந்த ஹெர் ப்ரோம் கோப்பையை அப்படியே வைத்துவிட்டார். கொள்ளைத் தலைவன், அதுவும் தூர தேசத்தவன். அவருடைய அலமாரியில் அப்படி ஒருவரும் இல்லை.

"ஹெர் மரியதாஸ்" என்று கூப்பிட்டார் ஃபிராவ் ஹெம்பல். "நீங்கள் அந்த நாட்டுக்காரர். இந்த மருதனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?"

இந்த இடத்தில் நம்மவர்களின் ஒரு குணத்தைச் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்தில் எந்தச் சந்தியில் நின்று யாரிடம் வழி கேட்டாலும், "தெரியாது" என்ற பதில் கிடைக்காது. தெரியாதவர்தான் கூடுதல் விபரமாகச் சொல்லுவார். "உதால நேர போங்கோ, ஒரு மதவு வரும், அதில திரும்புங்கோ" என்று கை நீட்டுவார். மதவு என்ற அந்தச் சின்னப் பாலமே அங்கே இருக்காது. கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்ற மரியாதை அது. நானும் அந்தச் சந்திகளில் கை நீட்டி வளர்ந்தவன்.

"கேள்விப்பட்டிருக்கிறேன்" என்றேன்.

ஃபிராவ் ஹெம்பல் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். அந்த அறையில் அத்தனை வருடமாக எல்லாக் கதிரையையும் துடைத்திருக்கிறேன்; ஒன்றிலும் இருந்ததில்லை. கோப்பியும் வந்தது, மேலே கிறீம் போட்டு. அந்தக் கதிரையில் இருந்து, அந்தக் கிறீமை நக்கிவிட்டு, ஒன்றும் தெரியாது என்று எழும்பிப் போக எந்த மனிதனால் ஏலும்?

மருதன் வெள்ளைக்காரன் காலத்தில் மன்னார் வீதியில் மாட்டுவண்டிகளை மறித்தவன் என்றேன். முதலில் மாடு களவெடுத்துத்தான் தொழில் பழகினான். கட்டையில் இருக்கிற வட்டமும் கோடும் மாட்டுக்குக் குறி சுடுகிற அடையாளம். பிடித்த மாட்டுக்கெல்லாம் போட்ட குறியைத் தன் துவக்குக்கும் போட்டுக்கொண்டான். மாட்டுக்குக் குறி சுடுவது மெய். என் பெரியப்பாவின் மாடுகளுக்குச் சுட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மற்றதெல்லாம் அந்தக் கதிரையில் பிறந்தது. கடைசியில் அவனைத் தூக்கில் போட்டார்கள் என்று முடித்தேன். ஹெர் ப்ரோமுக்காகச் செய்தது அது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஃபிராவ் ஹெம்பல் நெடுநேரம் அந்தக் குறியையே பார்த்தார். மாட்டுக்குறி என்பது அவருக்குப் பிடித்துவிட்டது. அது இரும்பு சொல்கிற மாதிரி ஒரு சாட்சி அல்லவா.

"இதை ஒரு குட்டாஹ்டனாக எழுதித் தாருங்கள்" என்றார். குட்டாஹ்டன் என்றால் நிபுணர் எழுதிக் கையெழுத்து வைக்கிற அறிக்கை. "ஏலப் புத்தகத்தில் உங்கள் பெயரோடு போடுகிறேன்."

4

அன்று வீட்டுக்குப் போன பாதையில் பஸ்ஸில் நான் நின்ற விதமே வேறு. பிலோமினா கதையைக் கேட்டு முடிக்க முதலே தொலைபேசியை எடுத்துவிட்டாள். லண்டனுக்கு ஒன்று, கனடாவுக்கு ஒன்று, யாழ்ப்பாணத்துக்கு ஒன்று.

"ஓமடி, இவரை இப்ப நிபுணராப் போட்டிருக்கினம். பேரோட புத்தகத்தில வருதாம்" என்றாள். எந்தத் துறையில் என்று அவள் சொல்லவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வரும்போது ஒருவர் என்னைக் கையில் பிடித்துக் கூட்டிப்போய், தான் வாங்க நினைத்த பழைய காரைக் காட்டினார். "அண்ணை, நீங்கள் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ, எஞ்சின் நல்லதோ?" நான் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தேன். நல்லது என்றேன். நான் வேறென்ன செய்ய முடியும்?

இதற்குள் உள்ளூர ஒரு பயமும் இருந்தது. என் குடியுரிமை விண்ணப்பத்துக்கு நிரந்தர வேலை வேண்டும். பெயரில் ஒரு கறையும் இருக்கக்கூடாது. என்னிடம் இருப்பது அகதிகளுக்குத் தருகிற நீலப் பயணப் பத்திரம். உலகத்தில் எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கையைத் தவிர என்று அதில் எழுதியிருக்கிறது. சண்டை நின்று பாதை திறந்திருக்கிற இந்தக் காலத்தில் சனம் எல்லாம் பெட்டியோடு போய் வருகிறது. அம்மா ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் ஒன்றையே சொல்லுவா: "எல்லாற்ற பிள்ளையளும் வந்து போகினம், ராசா." ஜேர்மன் கடவுச்சீட்டு கிடைத்தால் நானும் போகலாம். இப்போது பொய் அறிக்கையில் கையெழுத்து வைத்துப் பிடிபட்டால் வேலையும் போகும், விண்ணப்பமும் படுத்துவிடும். எழுத மாட்டேன் என்று சொன்னாலும், சொன்னது பொய்தான் என்று ஃபிராவ் ஹெம்பல் விளங்கிக்கொள்வார். பொய்யனை அவர் ஒரு நாளும் வைத்திருந்ததில்லை. இரண்டு பக்கமும் பள்ளம். நடுவில் நான் கிறீம் கோப்பியோடு நிற்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்தேன். நாளை, நாளை என்று தள்ளினேன். அச்சகத்துக்குப் புத்தகம் போக வேண்டும் என்று ஃபிராவ் ஹெம்பல் ஒவ்வொரு காலையும் கேட்டார். மூன்றாம் கிழமை, மகளைக் கூப்பிட்டேன்.

5

ஜெசிந்தா இங்கே பிறந்தவள். இப்போது பள்ளிக்கூடத்தின் கடைசி வருடம். எட்டு வயதில் இருந்து எங்கள் வீட்டு மொழிபெயர்ப்பாளர் அவள்தான். வைத்தியரிடம், வீட்டுக்காரரிடம், அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திக்க நேரம் குறித்திருக்கிறது என்றால் எங்கும் அவள் வாய்தான் எங்கள் வாய். பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்ட அன்றைக்கும் அவளே மொழிபெயர்த்தாள். ஆசிரியை முகத்தைச் சுருக்கிக்கொண்டு நெடுக ஏதோ சொன்னார். "நான் நல்ல கெட்டிக்காரியாம்" என்று முடித்தாள். வகுப்பில் வாயை மூடுவதே இல்லை என்பதுதான் விஷயம் என்று எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்தச் சிறுபெண் இப்போது எங்களோடு அதிகம் பேசுவதில்லை. அறைக் கதவு சாத்தியிருக்கும். உள்ளே ஜேர்மனில் சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் கதவைத் தட்டுவது கடிதம் வந்தால் மட்டும்தான் என்று அவள் ஒருநாள் சொன்னாள். யோசித்துப் பார்த்தேன், உண்மைதான்.

இந்த முறையும் அலுவலுக்குத்தான் தட்டினேன். கணினிக்கு முன்னால் இருந்து, நான் தமிழில் சொல்லச் சொல்ல ஜேர்மனில் அடித்துக்கொண்டு போனாள். மாட்டுவண்டி வரை ஒழுங்காகப் போனது. பிறகு விரல் நின்றது.

"அப்பா, இதை உங்களுக்கு ஆர் சொன்னது?"

"எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே பிள்ளை."

"எல்லாரும் எண்டால் ஆர்?"

"ஊர்ச்சனம்."

"அம்மாவும் ஊர்தானே. அம்மாவுக்குத் தெரியேல்லையே. நான் கேட்டனான்." திரும்பி என்னைப் பார்த்தாள். "இந்தத் துவக்கு அவன்ரைதான் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீளம் எவ்வளவு? எந்தக் காலத்தில செய்தது? நீங்கள் இப்பிடி ஒண்டை முந்திக் கிட்டப் பாத்தனீங்களோ?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டவனுக்கு வருகிற கோபம்.

"நீயும் அந்த ஒஃபிசர் மாதிரியே கேள்வி கேக்கிறாய்!" என்று கத்திவிட்டேன்.

"எந்த ஒஃபிசர்?"

எங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் வாசித்த பிள்ளை. இந்த ஒன்று மட்டும் அவள் பிறக்க முதல் நடந்தது. அவளுக்கு மொழிபெயர்க்கக் கிடைக்கவில்லை.

6

நான் சொன்னேன். உங்களுக்கும் சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

ஊரில் ஒரு சுற்றிவளைப்பு நாள். ஆமிக்காரர் கடற்கரை வீதியில் இளந்தாரிகள் எல்லோரையும் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். மத்தியான வெயில், தார் வீதி. ஒருத்தன் என் பின்கழுத்தில் துவக்கின் குழாயை வைத்து அழுத்தினான். வெயிலில் காய்ந்த இரும்பு, தோல் பொரிந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் மூக்குக்கு முன்னால் எறும்புகள் ஒரு சோற்றுப் பருக்கையை இழுத்துக்கொண்டு போயின. நான் அந்தப் பருக்கையையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். எனக்குப் பக்கத்தில் படுத்திருந்தவனை எழுப்பிக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பி வரவில்லை. நான் வந்தேன், ஏன் என்று இன்றைக்கும் தெரியாது.

பேர்லினில் அகதி விசாரணையில் இதைச் சொன்னேன். எதிரே இருந்த அதிகாரி கெட்டவர் அல்ல, தண்ணீர்கூடத் தந்தார். என்ன வகைத் துவக்கு என்று கேட்டார். தெரியாது என்றேன். நீளம்? தெரியாது. மரப்பிடியா, இரும்புப் பிடியா? தெரியாது, ஐயா, நான் நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். எறும்பைப் பற்றிக் கேட்டிருந்தால் ஒரு மணித்தியாலம் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. கழுத்தில் வைத்ததாகச் சொல்லப்படும் ஆயுதத்தை விண்ணப்பதாரரால் விவரிக்க முடியவில்லை, ஆகவே நம்பத்தக்கதல்ல என்று பதில் வந்தது. அதிலும் 'திருமதி' என்றுதான் போட்டிருந்தது. பிறகு நீதிமன்றம், வக்கீல், இன்னும் சில வருடங்கள் என்று இழுபட்டு, ஒரு மாதிரி ஏற்றுக்கொண்டார்கள்.

சந்தியில் நின்று ஒருவருக்கும் "தெரியாது" என்று சொல்லாத நான், வாழ்க்கையில் மூன்று முறை வரிசையாக அதைச் சொன்ன ஒரே இடம் அந்த அறை. அதற்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்த பிறகு நான் அந்தச் சொல்லையே விட்டுவிட்டேன். மருதனைப் பற்றிக் கேட்டபோது எனக்கு எல்லாம் தெரிந்திருந்ததில் என்ன ஆச்சரியம்?

ஜெசிந்தா கணினிப் பக்கம் திரும்பினாள். திரையில் அடித்து வைத்திருந்த மாட்டுவண்டிகளையெல்லாம் அழித்தாள்.

"உதை நான் எழுதமாட்டன்" என்றாள். "மற்றதை எழுதுறன்."

"வேலை போயிடும் பிள்ளை. அப்பம்மாவைப் பாக்கப் போகேலாது."

"நான் ஒருக்காத்தான் பிழையா மொழிபெயர்த்தனான் அப்பா. அதை நீங்கள் இன்னும் எல்லாருக்கும் சொல்லித் திரியிறியள். இப்ப என்னைக் கொண்டு பொய்யை எழுதுவிச்சால் அதை நான் ஆரிட்டைச் சொல்லுறது?"

அவளுடைய கண் கலங்கியிருந்தது. என்னுடையதும்தான், ஆனால் நான் மூக்கைச் சிந்தி மறைத்துவிட்டேன்.

7

மறுநாள் காலை அந்தத் தாளோடு போனேன். நாலைந்து வரிகள்தான். இலங்கையில் பிறந்தேன், மருதனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, சொன்னதெல்லாம் நானே கட்டியது, மாட்டுக்குக் குறி சுடுவது மட்டும் உண்மை. கடைசி வரி: அந்த நாட்டில் ஒரே ஒரு துவக்குத்தான் என்னருகே வந்தது, அது என் பின்கழுத்தில் இருந்ததால் நான் அதைப் பார்க்கவில்லை.

கடைசி வரி தேவையில்லை என்று நான் எவ்வளவோ சொன்னேன். அதுதான் முக்கியம் என்று பிள்ளை பிடிவாதமாக நின்றாள்.

ஃபிராவ் ஹெம்பல் நின்றபடியே வாசித்தார். சிகரெட்டின் சாம்பல் நீண்டு கீழே விழுந்தது. கூட்டுகிறவன் என்ற முறையில் என் கை தானாகத் தும்புத்தடியைத் தேடியது. ஹெர் ப்ரோமும் அங்கே இருந்தார். ஏலத்துக்கு முதல் மருதனை ஒருமுறை பார்த்துப்போக வந்திருந்தார். அவர் தாளை வாங்கி மெதுவாக வாசித்தார்.

"இந்தத் தொழிலுக்கு நான் வந்த நாளில் இருந்து" என்றார் ஃபிராவ் ஹெம்பல், "எனக்குத் தெரியாது என்று கையெழுத்து வைத்து ஒருவரும் கொண்டுவந்து தந்ததில்லை."

இனிக் கணக்கை முடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அம்மாவின் குரல் காதுக்குள் கேட்டது.

"உரிமையாளர் தெரியவில்லை என்று போடுகிறேன்" என்றார். "அச்சகக்காரன் என்னைத் திட்டுவான். நீங்கள் நாளைக்கு ஏழு மணிக்கு வாருங்கள், வழமை போல. கோப்பியை வீட்டில் குடித்துவிட்டு வாருங்கள்."

நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஹெர் ப்ரோம் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் நனைந்திருந்தன.

"பயங்கரம், ஹெர் மரியதாஸ். பயங்கரம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தச் சிப்பாய் பிறகு பெயர்போனவன் ஆனானா? அந்தத் துவக்கு இப்போது எங்கே இருக்கும்? வாங்க வழி உண்டா?" என்று கேட்டார்.

ஜேர்மனிக்கு வந்த நாளில் இருந்து என் கதையை ஒரு ஆதாரமும் கேட்காமல் நம்பிய முதல் மனிதர் அவர். நம்பிய கையோடு விலைக்கும் கேட்டுவிட்டார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. சந்தியில் நிற்கிற பழைய ஆள் உள்ளே எழும்பி, "உதால நேர போங்கோ" என்று கை நீட்டப் பார்த்தான். அவனை அமத்திப் பிடித்துக்கொண்டு, "தெரியாது" என்றேன்.

"அது விற்பனைக்கு இல்லை, ஹெர் ப்ரோம்" என்றார் ஃபிராவ் ஹெம்பல். அவ்வளவு கடுமையாக அவர் ஒரு வாடிக்கையாளரோடு பேசி நான் கேட்டதில்லை.

8

பிலோமினா இன்னும் லண்டனுக்கும் கனடாவுக்கும் மறுப்புச் செய்தி அனுப்பவில்லை. ஆகவே அங்கெல்லாம் நான் இன்றைக்கும் நிபுணர்தான். கார்க்காரர் கோயிலில் என்னைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போகிறார், எஞ்சின் சரியில்லையாம். விண்ணப்பம் அலுவலகத்தில் கிடக்கிறது. நான் ஆண் என்பது மட்டும் இதுவரை நிரூபணமாகியிருக்கிறது. அம்மாவிடம், "வருவன் அம்மா, எப்ப எண்டு தெரியாது" என்று சொன்னேன். அந்தச் சொல் இப்போது முன்னைவிட இலகுவாக வாயில் வருகிறது.

சனிக்கிழமை மருதனை மேல்தட்டில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து, குசினி மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா வெளியில் இருந்து வந்தாள். சப்பாத்தைக் கழற்றினாள். வழமையாக நேரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்துபவள், எனக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"எவ்விடத்தில அப்பா?"

எதைக் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கியது. சோற்றுக் கையோடு இருந்ததால் மற்றக் கையைத் தூக்கிப் பின்கழுத்தில் காட்டினேன். தலைமயிர் முடிகிற இடத்துக்குக் கீழே, கொஞ்சம் இடப்பக்கம். அங்கே ஒரு தழும்பும் இல்லை. இருந்திருந்தால் அந்த அதிகாரிக்கே காட்டியிருப்பேனே.

"ஒண்டும் தெரியாது பிள்ளை. உதில பாக்க ஒண்டும் இல்லை" என்றேன்.

அவள் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு அந்த இடத்தில் விரலை வைத்தாள், கையுறை இல்லாமல், வெறுங்கையால்.

"ஓம்" என்றாள்.

வெளிக்குளிரில் வந்த கை சில்லென்று இருந்தது. நான் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, அவள் கையை எடுக்கும்வரை குனிந்தபடியே இருந்தேன்.